காதின் பின்புறத் தோல்

வெந்நீர் ஊற்றுவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.
இஞ்சிவிளை தாண்டி, பாறசாலை போகும் வழியில்
சத்தியநேசனின் கொட்டகை,
சனிக்கிழமை, விடிகாலை நாலரை.
வெந்நீர் பட்ட தோல் பொய் சொல்லும்,
எதையும் உள்ளே விட்டுவிடும்.
எனக்கு வேண்டியது
மறுக்கத் தெரிந்த தோல்.

களியக்காவிளையில் நம்மூர் பஸ் நின்றுவிடும்.
அப்புறம் நடை,
மீன் லாரிகள் சிந்திய ஈரத்தை மிதித்து,
பெயர்ப்பலகைகள் எழுத்து மாறும் இடத்தைக் கடந்து.
திரும்பும்போது பையில் ஐஸ்கட்டி, அதற்குள் நான்கு பன்றிக் காதுகள்.
செக்போஸ்ட்டில் ஒருவர் கேட்டார், "எந்தாணு சாதனம்?"
"காது" என்றேன்.
அவர் என் காதைப் பார்த்தார்.

தோலும் ஒரு சோதனைச் சாவடி என்று
தீசிஸில் எழுதியிருந்தேன்.
குளோரி மேடம் சிவப்பு மையால் அடித்தார்:
உவமை வேண்டாம். தடிமன் எத்தனை மைக்ரான்?

அளந்தேன்.

கார்போபாலைக் கொட்டக் கூடாது, தூவ வேண்டும்.
புட்டு மாவில் நீர் தெளிப்பதன் தலைகீழ்:
சுழலும் நீரின் மேல் மாவு.
ஓர் இரவு ஊறினால்
கஞ்சித்தண்ணீர் மாதிரி ஒரு கலங்கல்.
அதில் ட்ரைஎத்தனாலமீன், சொட்டுச் சொட்டாக.
பதினோராவது சொட்டில், எண்ணியிருக்கிறேன்,
கலங்கல் சட்டென்று தெளிந்து, நின்று,
கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்.
ஆறு மாதத்தில் எனக்கு வாய்த்த சந்தோஷம்
பெரும்பாலும் அந்தச் சொட்டுதான்.

மருந்து சேர்த்ததும் முதல் கூட்டு இளகி ஓடியது. உப்பு.
அடுத்தது கட்டி தட்டியது.
பிறகு வந்த இரண்டும்
தோலின் மேல் எட்டு மணி நேரம் அழகாக உட்கார்ந்திருந்தன,
விருந்துக்கு வந்து வாசலிலேயே பேசிவிட்டுப் போகிறவர்கள் போல.
(உவமை. மேடம் பார்க்க மாட்டார்.)
ஒன்றில் தோலுக்கடியில் காற்றுக்குமிழி.
ஒன்றில் கரண்ட் போனது.
ஏழாவதில் மெந்தால் கொஞ்சம் கூட்டினேன்.
இரவு ஒன்பதரைக்குக் கருவியில் எண் ஏறியது.
அடுத்த அளவிலும் ஏறியது.
யாரிடமும் சொல்லவில்லை.
புரோட்டா வாங்கித் தின்றேன்.

அந்தச் சனிக்கிழமை சத்தியநேசன்
இடது கையால் வெட்டிக்கொண்டிருந்தார்.
வலது மணிக்கட்டு சேம்பு போல வீங்கியிருந்தது.
"கடையில விக்கிய டியூபெல்லாம் போட்டாச்சு பிள்ளே.
குளிருது. உள்ள ஏறல்ல.
நீ காய்ச்சுன மருந்து பன்னிக் காதுல ஏறுதுல்லா?
எனக்க கையில ஒரு துளி தேச்சா என்ன?"

பையில் இருந்தது.
பத்து கிராம் டப்பா, மூடியில் ஏழு என்று மார்க்கரால் எழுதி.
யாருக்காவது காட்டலாம் என்று எடுத்து வந்திருந்தேன்.
மனிதத் தோலுக்கு அனுமதி இல்லை.
கமிட்டி, படிவம், மூன்று கையெழுத்து,
முயலின் முதுகு சிவக்கிறதா என்று பார்க்க வேண்டிய நாட்கள்:
இதையெல்லாம் எந்தப் பாஷையில் சொல்வது?
எனக்கு இரண்டும் தெரியும்.
"இல்ல" என்றேன்.
அது இரண்டிலும் ஏறக்குறைய ஒரே சொல்.

"பன்னிக்குள்ள பாக்கியம்" என்று சிரித்தார்.
நாற்பது ரூபாயைச் சரியாக எண்ணி வாங்கிக்கொண்டார்.

வைவா முடிந்து இரண்டாவது சனி.
காது தேவையில்லை. ஆனாலும் மூன்றரைக்கு விழிப்பு.
போனேன்.
வாழையிலையில் இரண்டு காதுகளை
எனக்கென்று தனியே எடுத்து வைத்திருந்தார்.
"வேண்டாம், முடிஞ்சாச்சு" என்றேன்.
ஜெயித்ததா என்று அவர் கேட்கவில்லை.
அடுப்பில் அண்டா கொதித்தது.
அண்டாவின் ஒரு காதை அவர் இடது கையால் பிடித்தார்.
மற்றக் காதை, துப்பட்டாவைச் சுற்றி, நான்.
சேர்ந்து சாய்த்தோம்.
ஆவி. மயிர் இளகும் வாடை.
ஆறு மாதம் என்னிடம் பிடிவாதம் பிடித்த தோல்
ஒரு நிமிடத்தில் வெளுத்தது.
"மெள்ள" என்றார்,
"கையில தெறிச்சிராம."